தடுப்பூசி பெற்ற பசுவின் பாலில் வைரஸ் எதிர்ப்பொருள்கள்

கோலார் தங்கவயலுக்கு மேற்கே பெங்களூரும் கிழக்கே வேலூரும் ஏறத்தாழ ஒரே தொலைவில் அமைந்திருக்கின்றன. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு கோலார் மாவட்டத்தின் வழியாகச் சென்று, சுரங்க நகரத்திற்குக் குடிநீர் அளித்த பேத்தமங்கலம் ஏரியை நிரப்பி, பின்னர் வேலூரை நோக்கிச் செல்கிறது. 1880ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய பெருஞ்சுரங்கத் தொழில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முடிவுற்றது. சுரங்கத் தொழிலாளராகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோருள் பலர் இன்று நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலோ கறவை மாடே பல குடும்பங்களுக்குக் கைகொடுத்து வருகிறது.

பசுவையும் கைக்குழந்தையையும் ஒருங்கே பற்றும் ஒரு வைரஸைக் குறித்து மேற்கூறிய இரு நகரங்களிலும் ஆராய்ச்சிகள் நடைபெற்றுள்ளன. தடுப்பூசி போடப்பட்ட பசுவின் சீம்பாலிலுள்ள எதிர்ப்பொருள்கள், மருத்துவமனையிலிருக்கும் குழந்தைகளைப் பேதி நோயினின்று காக்குமா என்னும் ஆராய்ச்சியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பங்கு கொண்டது. பசுவின் வைரஸை ஒத்த ஒரு வைரஸ், பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளின் குடலில் யாதொரு துன்பமும் விளைவிக்காமல் வாழ்ந்திருந்தது பெங்களூரில் கண்டறியப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், பசுவின் பால் ஓர் உயிரைக் காக்கும் மருந்தாக எவ்வளவு தூரம் பயன்படும், எந்த இடத்தில் அதன் பயன் நின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

சீம்பாலின் தன்மை

ஒரு வைரஸ் உடலினுள் புகுந்தால், அதனோடு மட்டுமே பொருந்திப் பிணையக்கூடிய தனிவகைப் புரதங்களை உடல் உண்டாக்கிக்கொள்கிறது. இவையே எதிர்ப்பொருள்கள், ஆன்டிபாடி என்றும் இவற்றைக் கூறுவர். பூட்டின் துளையில் மெழுகை அடைத்துவிட்டால் சாவி நுழையாதது போல, எதிர்ப்பொருள் வைரஸின் மேற்புறத்தை மூடிக்கொண்டால் அவ்வைரஸ் உடலின் உயிரணுவைப் பற்ற இயலாமற் போகிறது. உயிருள்ள கிருமியால் நோய் கண்டு தேறினாலும் சரி, கொல்லப்பட்ட கிருமியை ஊசி வழியே செலுத்தினாலும் சரி, எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. தடுப்பூசியின் தத்துவம் இதுவே.

மனிதரில் தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியின் வழியாகவே கருவிலுள்ள குழந்தையை அடைந்துவிடுகின்றன. பசு, எருமை, ஆடு ஆகியவற்றில் அவ்வாறன்று. அவற்றின் நஞ்சுக்கொடி அமைப்பு எதிர்ப்பொருள்களுக்கு வழிவிடுவதில்லை. ஆதலால் கன்று இவ்வுலகில் பிறக்கும்போது நோயெதிர்ப்பு விஷயத்தில் ஏறக்குறைய வெறுங்கையாகவே பிறக்கிறது. இக்குறையை இயற்கை சீம்பாலின் மூலம் ஈடு செய்கிறது. ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே பசுவின் மடி, இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களைத் தேர்ந்தெடுத்துத் தன்னுள் சேர்த்து வைக்கத் தொடங்குகிறது. ஆகவே நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை எதிர்ப்பொருட் புரதம் அடங்கியிருக்கும். அடுத்தடுத்த கறவைகளில் இவ்வளவு விரைந்து குறைகிறது. சில நாள்களில் சாதாரணப் பாலாக மாறியபின் லிட்டருக்கு ஒரு கிராம் இருப்பதே அரிது.

கன்றின் குடலும் இதற்கேற்ப அமைந்துள்ளது. பிறந்த முதல் சில மணி நேரத்தில் மட்டும் அது எதிர்ப்பொருள்களைச் சிதைக்காமல் முழுமையாக உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கும். நேரம் செல்லச் செல்ல இந்த ஆற்றல் குன்றி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அற்றே போகிறது. அதன்பின் எவ்வளவு சீம்பால் ஊட்டினும் அது குடலினுள் மட்டுமே வேலை செய்யும், இரத்தத்தை எட்டாது. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துதல் நலம். பிற உயிருக்குப் பசுவின் சீம்பாலை மருந்தாகப் பயன்படுத்தும்போது நிகழ்வது இரண்டாம் வகையே, அஃதாவது குடலினுள் மட்டும் நிற்கும் காப்பே.

குன்றிமணியிலிருந்து பிறந்த அறிவு

தாய்ப்பால் நோயெதிர்ப்பைக் குட்டிக்கு அளிக்கிறது என்பதை முதன்முதல் ஐயமற நிறுவியவர் ஜெர்மானிய விஞ்ஞானி பால் ஏர்லிக். அவர் தம் சோதனைக்கு எடுத்துக்கொண்ட நச்சுப்பொருள்களைத் தமிழ்நாட்டுச் சிறுவரும் அறிவர். ஒன்று ஆமணக்கு விதையிலுள்ள ரிசின். மற்றொன்று குன்றிமணியிலுள்ள ஆப்ரின். குன்றிமணியை அரைத்து ஊசி போலத் திரித்து உலர்த்தி, தோலுக்காக மாடுகளைக் குத்திக் கொல்லும் கொடிய வழக்கம் இந்தியாவில் முன்னர் இருந்தது. கால்நடைத் துறையினர் இதனைச் சூயி நஞ்சு என்பர். மாட்டைக் கொல்லப் பயன்பட்ட அதே விதை, பாலின் காக்கும் ஆற்றலை அறிவதற்கும் பயன்பட்டது.

ஏர்லிக் பெண் எலிகளுக்கு இந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, பேரளவு நஞ்சையும் தாங்கும் ஆற்றலை உண்டாக்கினார். அவை ஈன்ற குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. இது தாயின் கருவறையில் பெற்றதா, பாலில் பெற்றதா என்னும் கேள்வி எழுந்தது. அவர் குட்டிகளை மாற்றி வைத்தார். நஞ்சுக்குப் பழகாத தாயின் குட்டிகளை நஞ்சுக்குப் பழகிய தாயிடம் பாலுண்ண விட்டார். அக்குட்டிகளும் காப்பைப் பெற்றன. இவ்வாராய்ச்சி 1892ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதே ஆண்டில் அவரும் பிரீகரும் சேர்ந்து, இசிவு நோய்க்கு எதிராகத் தடுப்பு ஊட்டப்பட்ட ஆட்டின் பாலில் அந்நோயின் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினர். பால் தரும் விலங்கு ஒன்றை மருந்துச் சாலையாகவே கருதலாம் என்னும் எண்ணம் இங்கே பிறந்தது.

எனினும் அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் பாலைவிட இரத்தமே முன்னணியில் நின்றது. குதிரை, மாடு ஆகியவற்றின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் பல நோய்களுக்கு மருந்தாயிற்று. தென்னிந்தியாவில் மாடுகளை ஆயிரக்கணக்கில் மாய்த்த வெக்கை நோய் வைரஸால் வருவது. அதற்கெதிரான சீரத்தைத் தயாரிப்பதற்கென்றே மைசூர் அரசு 1920களில் பெங்களூரில் ஒரு சீரம் நிலையத்தை அமைத்தது. வெக்கை நோய்க்கு எதிர்ப்புப் பெற்ற பசுக்களின் கன்றுகள் சீம்பாலின் மூலம் பல மாதங்கள் வரை காக்கப்பட்டிருந்ததைக் கால்நடை மருத்துவர்கள் கண்டனர். அக்காலத்தில் அக்கன்றுகளுக்குப் போடும் தடுப்பூசி பயனற்றுப் போவதையும் கண்டனர். பின்னர் தடுப்பூசி இயக்கத்தால் வெக்கை நோய் ஒழிந்தது. உலகம் முழுவதும் அந்நோய் அற்றுவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

பாலைப் பற்றிய எண்ணம் 1955இல் மீண்டும் தலைதூக்கிற்று. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர்சன், கேம்பெல் என்னும் இருவர், பசுவின் மடியினுள்ளேயே கிருமிப் பொருளைச் செலுத்தி, எதிர்ப்பொருள் செறிந்த பாலைப் பெறலாம் என்றனர். அப்பாலைப் பருகுவதால் மூட்டு வாதம் முதலிய பல பிணிகள் நீங்கும் என்ற கருத்தும் அதனோடு பரவிற்று. வளர்ந்த மனிதரின் குடல் எதிர்ப்பொருளை முழுமையாக உறிஞ்சுவதில்லை. ஆகவே மூட்டையோ நுரையீரலையோ அது சென்றடைவதற்கு வழியில்லை. அக்கருத்து அறிவியலுலகில் வேரூன்றாமற் போனதில் வியப்பில்லை. இன்றும் சீம்பால் பொடியைச் சகல நோய்களுக்கும் மருந்தென விற்போர் உளர். எதிர்ப்பொருள் எங்கே வேலை செய்ய இயலும் என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே அவ்விளம்பரங்களில் பெரும்பாலானவற்றை எடை போட்டுவிடலாம்.

குடலுக்குள்ளேயே தோன்றி, குடலுக்குள்ளேயே பெருகும் ஒரு வைரஸ் நோய் கிட்டியபோதுதான் இந்த ஆராய்ச்சிக்குத் தகுந்த களம் அமைந்தது.

ரோட்டா வைரஸ்

1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கழிச்சல் கண்ட கன்றுகளிடம் ஒரு வைரஸ் காணப்பட்டது. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் பேதியால் வருந்திய குழந்தைகளின் குடலில் அதனையொத்த வைரஸைக் கண்டனர். நுண்ணோக்கியில் வண்டிச் சக்கரம் போலத் தோன்றியமையால், சக்கரம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் பின்னர் ரோட்டா வைரஸ் எனப் பெயரிடப்பட்டது. இது சிறுகுடலின் உட்சுவர் அணுக்களைப் பற்றி அழிப்பதால் நீரும் உப்பும் உறிஞ்சப்படாமல் பேதியாகின்றன. தடுப்பு மருந்து பரவுவதற்கு முன், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 78,000 பேர் இதனால் இறந்தனர் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. சுத்தமான தண்ணீரும் கை கழுவும் பழக்கமும் பல பேதி நோய்களைக் குறைத்தன. ஆனால் செல்வ நாடுகளிலும் ரோட்டா வைரஸ் பேதி அவற்றால் மட்டும் அடங்கவில்லை.

1980களின் முற்பகுதியில் ஜப்பானில் எபினா என்பவரும் அவர்தம் குழுவினரும் சினைப்பசுக்களுக்கு மனித ரோட்டா வைரஸை ஊசி மூலம் செலுத்தி, அவற்றின் சீம்பாலைக் கைக்குழந்தைகளுக்கு அளித்துப் பேதி குறைவதைக் கண்டனர். ஆயினும் அக்குழந்தைகளின் எண்ணிக்கை சிறிது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டேவிட்சன் குழுவினர் நடத்திய ஆராய்ச்சியே தெளிவான விடை தந்தது. பிற நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் அங்கேயே ரோட்டா வைரஸைப் பற்றிக்கொள்வது அக்காலத்தில் பெருந்தொல்லையாக இருந்தது. மூன்று முதல் பதினைந்து மாத வயதுடைய குழந்தைகளுள் ஒரு சாராருக்கு, மனிதரிடம் அக்காலத்தில் அறியப்பட்டிருந்த நான்கு வகை ரோட்டா வைரஸுக்கும் எதிர்ப்பொருள் கொண்ட சீம்பால், நீர்த்த நிலையில் நாள்தோறும் பத்து நாள் வரை கொடுக்கப்பட்டது. மற்றொரு சாராருக்குச் சாதாரணக் குழந்தை உணவு கொடுக்கப்பட்டது. சாதாரண உணவு பெற்ற 65 குழந்தைகளுள் 9 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. சீம்பால் பெற்ற 55 பேருள் ஒருவருக்கும் ஏற்படவில்லை. இது 1989இல் வெளியாயிற்று.

அடிலெய்டு செழிப்பான நகரம். குழந்தைகள் நல்ல ஊட்டம் பெற்றவர்கள். குடலில் பலவகைக் கிருமிகள் குடியேறியிருக்கும் ஏழைக் குழந்தைகளிடமும் இது பயன் தருமா என்பதை நம் நாட்டில் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. டேவிட்சன், ஹாங்காங்கைச் சேர்ந்த டாம், வேலூரைச் சேர்ந்த கிருபாகரன் ஆகியோர் இதனை ஏற்று நடத்தினர். மருத்துவமனையில் தொற்றும் ரோட்டா வைரஸ் பேதியிலிருந்து இவ்விரு இடங்களிலும் சீம்பால் எதிர்ப்பொருள் காப்பளித்ததை அவர்களது அறிக்கை 1994இல் தெரிவித்தது. பசு ஒன்றின் உடலில் உண்டான எதிர்ப்பொருள், வேறோர் உயிரினமாகிய மனிதக் குழந்தையின் குடலிலும் வைரஸை மறித்தது என்பதற்குத் தென்னாட்டிலேயே கிடைத்த சான்று இது.

நோய் வருமுன் காப்பது ஒன்று. வந்தபின் தணிப்பது வேறு. பின்னதை ஆராய்ந்தவர்கள் வங்கதேசத்தின் டாக்கா நகரிலுள்ள சர்வதேசப் பேதி நோய் ஆராய்ச்சி நிலையத்தார். ரோட்டா வைரஸ் பேதி கண்ட 80 குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு, தடுப்பூசி பெற்ற பசுக்களின் சீம்பாலிலிருந்து எடுத்த எதிர்ப்பொருட் பொடி நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் நான்கு நாள் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு மலத்தின் அளவும், தேவைப்பட்ட உப்பு சர்க்கரைக் கரைசலின் அளவும் குறைந்தன. வைரஸும் விரைவில் நீங்கிற்று. இந்த முடிவு 1998இல் வெளியாயிற்று. கரைசலுக்குப் பதிலாக அன்று, கரைசலோடு சேர்த்தே இப்பொடி கொடுக்கப்பட்டது என்பதைப் பேதி நோய்ப் பணியில் ஈடுபட்டோர் கவனிக்க வேண்டும்.

தயாரிக்கும் முறை

முறை எளிதாகவே தோன்றும். வைரஸை ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களின் மீது வளர்த்து, வீரியம் அழித்து, சினையின் பிற்பகுதியில் இருக்கும் பசுவுக்குச் சில வார இடைவெளி விட்டுப் பலமுறை ஊசி போடுவர். பால் வற்றியிருக்கும் அக்காலமே ஏற்றது. ஏனெனில் அப்போதுதான் மடி எதிர்ப்பொருள்களைச் சேர்க்கத் தொடங்கும். ஈன்றபின் முதல் சில கறவைகளைச் சேகரித்து, கொழுப்பை நீக்கி, பாற்கட்டிப் புரதத்தைத் திரித்துப் பிரித்து, எஞ்சிய தெளிநீரை நுண்வடிகட்டிகளில் செலுத்தி, உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்குவர். எந்த வைரஸ் வகைக்கு ஊசி போடப்பட்டதோ அவ்வகைக்கே எதிர்ப்பொருள் செறிந்திருக்கும். பசு தானாகவே மேய்ச்சலில் பெற்ற தொற்றால் உண்டான எதிர்ப்பொருள் சாதாரணச் சீம்பாலிலும் ஓரளவு உண்டு. அது மனித வைரஸ் வகைகளுக்குப் போதாது.

அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு: முதற்கறவையில் 6 லிட்டர் சீம்பால் கிடைக்கிறது என்றும், லிட்டருக்கு 60 கிராம் எதிர்ப்பொருள் உள்ளது என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் 360 கிராம் ஆகிறது. இதில் கன்றுக்கு 100 கிராமாவது சென்று சேர வேண்டும். 150 முதல் 200 கிராம் கிடைத்தால் நன்று. கன்றுக்குப் போக எஞ்சியதே மனிதருக்கு. பசு ஆண்டுக்கு ஒருமுறை ஈனுவதே அரிதாகையால், ஒரு மாவட்டத்தின் குழந்தைகளுக்கு இவ்வழியில் ஆண்டு முழுவதும் காப்பளிக்க எத்தனை பசுக்கள் தேவைப்படும் என்பதைப் பள்ளி மாணவரே கணக்கிட்டுவிடலாம்.

இரவற் காப்பு

செலவைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு. பாலின் மூலம் கிடைக்கும் காப்பு இரவலாகப் பெற்ற காப்பு. குழந்தையின் உடல் தானாக ஒன்றையும் கற்றுக்கொள்வதில்லை. எதிர்ப்பொருளைக் குடிக்கும் நாள் வரையில் காப்பு உண்டு. நிறுத்திய சில நாளில் அது குடலிலிருந்து வெளியேறிவிடும். மருத்துவமனையில் பத்து நாள் தங்கும் குழந்தைக்கு இது பொருந்தும். தங்கவயலின் லயன் வீடுகளில் இரண்டு ஆண்டுக் காலம் தவழ்ந்து வளரும் குழந்தைக்குப் பொருந்தாது.

அக்குழந்தைக்கு ஏற்றது வாய்வழித் தடுப்பு மருந்தே. இங்கும் பசுவின் பங்கு இருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி. 1980களின் நடுப்பகுதியில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தில், பிறந்த குழந்தைகளிடம் நோய் விளைவிக்காத ஒரு ரோட்டா வைரஸை எம். கே. பான் குழுவினர் கண்டனர். 116-ஈ எனப் பெயர் பெற்ற அது மனித வைரஸே. ஆனால் அதன் மரபுக்கூறுகளில் ஒன்று பசுவின் வைரஸிலிருந்து இயற்கையாகவே வந்து கலந்திருந்தது. பெங்களூரிலோ இந்தக் கலப்பு இன்னும் ஆழமானது. இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த துர்கா ராவ் முதலியோர், அந்நகரத்துச் சிசுக்களிடம் கண்ட ஐ-321 என்னும் வைரஸின் வெளிப்புறப் புரதங்கள் இரண்டும் பசு வைரஸின் புரதங்களை மிகவும் ஒத்திருப்பதை 1993இல் வெளியிட்டனர். மாடும் மனிதரும் அடுத்தடுத்து வாழும் நாட்டில் வைரஸ்கள் கொட்டிலிலிருந்து தொட்டிலுக்கு வருவது இயல்பே. அவற்றுட் சில நோயைத் தராமல் எதிர்ப்பை மட்டும் தந்து செல்கின்றன.

116-ஈ வைரஸைக் கொண்டு ஐதராபாத்தில் ஆக்கப்பட்ட தடுப்பு மருந்து தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான ரோட்டா வைரஸ் பேதியை அது பாதிக்கு மேல் குறைத்தது. 2014இல் உரிமம் பெற்று, 2016 முதல் அனைவருக்குமான தடுப்பு மருந்துத் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் இம்மருந்து வாய்வழியே புகட்டப்படுகிறது. புனேயில் உருவான மற்றொரு மருந்தில் பசு வைரஸே அடிப்படையாக உள்ளது. குழந்தை நலத்திற்குப் பசு தன் பாலைக் காட்டிலும் தன் வைரஸின் மூலமே மிகுதியாக உதவியிருக்கிறது எனலாம்.

ஆயினும் பால் வழி ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 2012இல் மெல்போர்னில், எய்ட்ஸ் நோயின் வைரஸ் உறைப்புரதத்தைச் செலுத்திய பசுக்களின் சீம்பாலில், அவ்வைரஸின் பலவகைகளை ஆய்வுக்கூடத்தில் முடக்கும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமாவின் எதிர்ப்பொருள் மிகச் சிறியது. அதன் மரபுக்கூறை ஈஸ்ட்டில் செலுத்தி, விலங்கே இன்றி வளர்த்தெடுத்த ரோட்டா வைரஸ் எதிர்ப்பொருள், வங்கதேசக் குழந்தைகளின் பேதியைத் தணித்ததாக 2013இல் அறிக்கை வெளிவந்தது. தடுப்பு மருந்து பயன் தராத, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகளுக்கு இவை உதவக்கூடும்.

கொட்டிலில் கவனிக்க வேண்டியவை

தடுப்பூசி பெற்ற கால்நடையின் பாலில் வைரஸ் எதிர்ப்பொருள் உண்டாவது ஏதோ தொலைதூர ஆய்வுக்கூடத்துச் செய்தி என்று ஊழியர் கருத வேண்டா. ஆண்டுக்கு இருமுறை கோமாரித் தடுப்பூசி போடப்படும் ஒவ்வொரு சினைப்பசுவும் இதனையே செய்கிறது. 2013இல் கர்நாடகத்தின் தென்பகுதியில் கோமாரி கடுமையாகப் பரவி மாடுகள் பெருமளவில் மடிந்ததை அப்பகுதி மக்கள் மறந்திரார். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி கோமாரித் தடுப்பூசி நாடெங்கும் போடப்படுகிறது. அவ்வூசியால் தாய்ப்பசுவின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் சீம்பாலில் இறங்கிக் கன்றை அடைகிறது. அதனால்தான் கன்றுக்கு நான்கு மாதம் நிறைந்த பின்னரே முதல் ஊசி. அதற்கு முன் போட்டால், தாய் தந்த எதிர்ப்பொருளே ஊசி மருந்தைச் செயலற்றதாக்கிவிடும். கன்றுக்கு ஏன் இப்போது ஊசி இல்லை என்று உரிமையாளர் வினவும்போது இதனை விளக்கிக் கூறலாம். கன்றுக் கழிச்சலைத் தடுக்க, ஈனுவதற்கு முன் பசுவுக்கே ரோட்டா வைரஸ் ஊசி போட்டுச் சீம்பாலை வலுப்படுத்தும் முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கில் உள்ளது.

இவ்வளவு அருமையான பொருளைக் கன்றுக்குக் கொடாமல் தடுக்கும் வழக்கம் ஒன்று பல ஊர்களில் இன்னும் நிலவுகிறது. நஞ்சுக்கொடி விழும் வரை கன்றை மடியண்டை விடக்கூடாது என்பர். கொடி விழுவதற்கு ஆறு, எட்டு மணி நேரம் ஆகலாம். தங்கிப்போனால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் கன்றின் குடல் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். கன்று ஊட்டுவதால் கொடி விழுவது தடைப்படுவதில்லை. மடி தூண்டப்படுவதால் கருப்பை சுருங்க உதவியே உண்டாகிறது. பிறந்த ஓரிரு மணி நேரத்திற்குள் முதல் ஊட்டலும், அன்றைய பொழுதுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலும் செல்ல வேண்டும். 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு இது இரண்டரை லிட்டர்.

மனிதர் உண்பதைப் பற்றியும் கூறவேண்டும். சீம்பாலை வெல்லமிட்டு வேகவைத்து உண்பது தமிழரும் கன்னடியரும் விரும்பும் பழக்கம். அது நல்ல புரத உணவு. ஆனால் வேகும்போது அது கட்டியாக உறைவதற்கே காரணம், அதிலுள்ள எதிர்ப்பொருள் முதலிய புரதங்கள் வெப்பத்தால் உருக்குலைவதுதான். உறைந்த சீம்பாலில் நோயைத் தடுக்கும் ஆற்றல் எஞ்சுவதில்லை. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஒரு சோதனைக் குழாயில் சீம்பாலும் மற்றொன்றில் சாதாரணப் பாலும் எடுத்து, இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி மெல்லச் சூடேற்றினால், சீம்பால் இறுகிவிடும். பால் நீராகவே நிற்கும். பாலின் மற்றொரு புரதமாகிய கேசீன் வெப்பத்துக்கு எளிதில் உறையாது என்பதும் இதிலேயே விளங்கும்.

வெப்பம் ஆற்றலை அழிக்குமாயின் பச்சையாகவே குழந்தைக்குக் கொடுக்கலாமே என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றக்கூடும். இது ஆபத்தானது. மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கருச்சிதைவுக் காய்ச்சல், காசநோய் முதலியவற்றின் கிருமிகள் காய்ச்சாத பாலில் இருக்கக்கூடும். மேலே கூறிய ஆராய்ச்சிகளில் நோயற்றவை எனச் சோதித்தறிந்த பசுக்களின் சீம்பாலே கட்டுப்பாடான வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது. 60 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் கிருமிகள் பெரும்பாலும் மடிய, எதிர்ப்பொருள் பெரும்பாலும் தப்பும். சில டிகிரி கூடினாலே சீம்பால் கெட்டிப்பட்டுவிடும். இந்த நுட்பம் அடுப்பங்கரையில் கைகூடாது. கைக்குழந்தைக்கு உரியது அதன் தாயின் சீம்பாலே. அதனைப் பீய்ச்சி எறியும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. அதிலுள்ள எதிர்ப்பொருள் பசுவினுடையதிலிருந்து வேறான வகை. குடலின் உட்சுவரில் படிந்து நின்று காப்பதற்கென்றே அமைந்தது. அதற்குப் பதப்படுத்தலும் வேண்டுவதில்லை.